உங்க பேரு உங்க கையில இருக்கட்டும்: கூகுள்ல தொழிலைப் பதியிறது பத்தி வாசகர் கேள்விகள்

பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், டைல்ஸ் போடுறவங்க, கூரை ஒழுக்கு அடைக்கிறவங்க எல்லாரும் கூகுள் மேப்ல தங்களோட தொழிலைக் காசில்லாமலே பதிஞ்சுக்கலாம்னு போன இதழ்ல ரெண்டே ரெண்டு பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்களே இந்த மாசம் பக்கம் பூரா எடுத்துக்கிச்சு. நான் எழுத வர்றதுக்கு முன்னாடி தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல ஒரு ஹார்ட்வேர் கடை கவுண்டர்ல 11 வருஷம் நின்னவ. கவுண்டர் கண்ணாடிக்கு அடியில பிளம்பருங்க குடுத்த கார்டு வரிசையா இருக்கும், "நல்ல ஆளா யாராச்சும் சொல்லும்மா"ன்னு வர்றவங்களுக்கு அதுல ஒண்ணை எடுத்துக் குடுப்பேன். இப்ப ஜனங்க அந்தக் கார்டை போன்லதான் தேடுறாங்க, அங்க நம்ம ஆளுங்க பேரே இல்லாம இருக்கிறதையும், இருந்தாலும் செத்துப்போன நம்பரோட இருக்கிறதையும் பாக்கும்போது எனக்கு மனசு ஆறல, அதனாலதான் இவ்ளோ நீட்டி எழுதுறேன்.

கேள்வி: அக்கா வணக்கம். சாட்ஸ்வொர்த்துல 22 வருஷமா கீஸர், பைப் வேலை பாக்கிறேன். 2018-ல என் அக்கா மவன் கூகுள்ல என் பேரைப் போட்டுக் குடுத்தான். இப்ப அவன் கனடாவுல. அதுல இருக்கிறது என் பழைய நம்பர், அந்த சிம்மே தொலைஞ்சு போச்சு. எந்த ஜிமெயில்ல போட்டோம்னு அவனுக்கே ஞாபகம் இல்லைங்கிறான். பேசாம புதுசா ஒண்ணு போட்டுரலாமா?

பதில்: வேணாம் அண்ணே, தயவுசெஞ்சு புதுசா போடாதீங்க. உங்களுக்கு இத்தனை வருஷமா ஜனங்க எழுதின ரிவ்யூ எல்லாம் அந்தப் பழசுலதான் இருக்கு, புதுசு ஒண்ணு போட்டா ஒரே ஆளு ரெண்டு தடவ இருக்கிற மாதிரி ஆயிரும், கூகுளுக்கு அது ஆகாது, ரெண்டுல ஒண்ணை நிறுத்தி வெச்சாலும் வெச்சுரும், தேடுறவங்களும் எந்த நம்பருக்கு அடிக்கிறதுன்னு தெரியாம அடுத்த ஆளுக்குப் போயிருவாங்க.

முதல்ல உங்களுக்குன்னு ஒரு ஜிமெயில் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா ஒண்ணு ஆரம்பிங்க, பாஸ்வேர்டை ஒரு நோட்டுல எழுதி இன்ஷூரன்ஸ் பேப்பருங்க இருக்கிற எடத்துல வெச்சிருங்க. அந்த ஜிமெயில்ல லாகின் பண்ணிட்டு கூகுள் மேப்ல உங்க தொழில் பேரைத் தேடுங்க, வர்ற பக்கத்துல இந்தத் தொழில் உங்களோடதான்னு கேக்கிற ஒரு வரி இருக்கும், அதைத் தட்டினா ஏற்கனவே வேற ஒரு ஜிமெயில் இதை வெச்சிருக்குன்னு சொல்லி அந்த மெயில்ல ரெண்டு மூணு எழுத்த மட்டும் காட்டும். அதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கனடாவுக்கு அனுப்புங்க, அந்த எழுத்தப் பாத்ததும் அவனுக்கு ஞாபகம் வந்துரும்னு நெனைக்கிறேன். வரலேன்னாலும் பரவால்ல, அங்கயே அனுமதி கேட்டு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பலாம், அது அந்தப் பழைய மெயிலுக்குப் போகும், சில நாள்ல பதிலே வரலேன்னா இது உங்க தொழில்தான்னு நீங்களே நிரூபிச்சு எடுத்துக்கிறதுக்கு கூகுள் வழி விடும். கைக்கு வந்த பிறகும் முதல் 7 நாளைக்கு எல்லா வேலையும் செய்ய விடாது, அதுக்காகப் பதறாதீங்க.

நம்பர் விஷயம் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். மேப்ல யாரு வேணும்னாலும் திருத்தம் சொல்லலாம், உங்க பக்கத்துலயே "சஜஸ்ட் அன் எடிட்"னு இருக்கும், அதுல புது நம்பரைப் போட்டு விடுங்க, கூகுள் பாத்து மாத்தும்.

இன்னொண்ணு. பழசு எழுதி வெச்சிருக்கிறவங்க குழம்புறாங்க. 2014-ல இது "கூகுள் மை பிசினஸ்"னு ஆரம்பிச்சது, 2021 நவம்பர்ல "கூகுள் பிசினஸ் புரொஃபைல்"னு பேரு மாறிச்சு, அதுக்கு இருந்த தனி ஆப்பையும் 2022-ல எடுத்துட்டாங்க. இப்ப லாகின் பண்ணிட்டு கூகுள்ல உங்க தொழில் பேரைத் தேடினாலே திருத்துற பட்டனெல்லாம் அங்கயே வந்துரும். கைக்கு வந்ததும் முதன்மை ஓனரா நீங்க இருங்க, புள்ளைங்களை மேனேஜரா சேருங்க. புள்ளைங்க உதவி செய்யட்டும், நல்லதுதான், ஆனா 22 வருஷமா கூரை மேல ஏறி சம்பாதிச்ச பேரு ஒரு தூர தேசத்து மெயில் பெட்டிக்குள்ள கெடக்கக் கூடாது அண்ணே.

கேள்வி: டர்பன் பக்கத்துல ஃபீனிக்ஸ்லேருந்து எழுதுறேன். வீட்டுக்காரர் எலக்ட்ரிக் கேட், மோட்டார் ரிப்பேர் செய்யிறார். வீட்டு கராஜ்லதான் சாமானெல்லாம் இருக்கு. கூகுள்ல அட்ரஸ் போட்டா திருடன் வந்துருவான்னு எனக்கு பயமா இருக்கு, அவரு அட்ரஸ் போடலேன்னா லிஸ்ட்லயே வராதுங்கிறார். யாரு சொல்றது சரி?

பதில்: பயப்படுறது நியாயம்தான் தங்கச்சி, உங்க அட்ரஸை ஊருக்குக் காட்ட வேண்டியதில்ல. கஸ்டமர் நம்மகிட்ட வர்ற கடை வேற, நாம கஸ்டமர் வீட்டுக்குப் போற தொழில் வேற, ரெண்டாவது வகைக்கு கூகுளே அட்ரஸை மறைச்சு வெக்கச் சொல்லுது. பதியும்போது கஸ்டமர் இந்த எடத்துக்கு வருவாங்களான்னு கேக்கும், இல்லைன்னு போட்டு அதுக்குப் பதிலா நீங்க வேலைக்குப் போற ஊருங்களைக் குடுங்க. மேப்ல ஊசி குத்தின மாதிரி உங்க வீடு தெரியாது, நீங்க போற ஏரியா மட்டும்தான் தெரியும். தபால் பெட்டி நம்பரைப் போட்டு சமாளிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, அதை ஏத்துக்கவே மாட்டாங்க.

ஏரியா 20 வரைக்கும் சேர்க்கலாம், நீங்க இருக்கிற எடத்துலேருந்து காருல ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுங்கிறது விதி. அதுக்காக 20-ஐயும் நெரப்பாதீங்க. ஃபீனிக்ஸ், வெருலம், மவுன்ட் எட்ஜ்கோம், உம்லாங்கான்னு நிஜமாவே போற எடத்தை மட்டும் போடுங்க. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கையும் சேர்த்து வெச்சா அங்கேருந்து ராத்திரி 8 மணிக்கு கேட் மூட மாட்டேங்குதுன்னு ஒரு அம்மா போன் அடிப்பாங்க, நீங்க வர முடியாதுன்னு சொல்லுவீங்க, அவங்க கோவத்துல ஒரு ஸ்டார் குடுத்துட்டுப் போயிருவாங்க. அகலக்கால் வெச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஊர் பேரைச் சேர்த்ததால மட்டும் அந்த ஊர்ல மேல வந்துர முடியாது. தேடுற ஆளு கேட்டதும் நீங்க செய்யிற வேலையும் பொருந்துதா, எவ்ளோ தூரத்துல இருக்கீங்க, உங்க பேரு எவ்ளோ தெரிஞ்ச பேரு, இந்த மூணையும்தான் பாத்து அடுக்குறோம்னு கூகுளே சொல்லுது.

கேள்வி: ஜோஹனஸ்பர்க் நம்பர்லேருந்து ஒருத்தர் கூப்பிட்டு "உங்க கூகுள் லிஸ்டிங் இந்த வெள்ளிக்கிழமையோட முடியுது, 1,500 ரேண்ட் கட்டலேன்னா எடுத்துருவோம், இப்ப போன்ல ஒரு கோட் வரும் அதைச் சொல்லுங்க"ன்னார். கட்டணுமா?

பதில்: கட்டாதீங்க. கோடைச் சொல்லவே சொல்லாதீங்க, அந்தக் கோடை வெச்சுத்தான் உங்க லிஸ்டிங்கை அவன் பேருக்கு மாத்துவான். லிஸ்டிங்குக்கு காசும் கிடையாது, முடியிற தேதியும் கிடையாது. விளம்பரம்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுக்குக் காசு உண்டு, அது "ஸ்பான்சர்ட்"ங்கிற அடையாளத்தோட வரும், அது வேற கதை. ஏற்கனவே கோடைச் சொல்லிட்டீங்கன்னா இன்னிக்கே பாஸ்வேர்டை மாத்திட்டு, லிஸ்டிங்ல ஓனர், மேனேஜர் பட்டியலைத் தொறந்து தெரியாத மெயில் எதாச்சும் உக்காந்திருக்கான்னு பாருங்க.

கேள்வி: 18 வருஷம் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட எலக்ட்ரிக்கல் வேலை செஞ்சேன், இப்ப தனியா வந்துட்டேன். ரெஜிஸ்டர் பண்ணல. டிபி போர்டு கண்ணக் கட்டிட்டு மாத்துவேன். கூகுள்ல "எலக்ட்ரீஷியன், சி.ஓ.சி. (வயரிங் விதிப்படி பத்திரமா இருக்குங்கிற சர்டிபிகேட்) குடுக்கப்படும்"னு போட்டுக்கலாமா? தெரிஞ்சவர் ஒருத்தர் சி.ஓ.சி.யில கையெழுத்துப் போட்டுத் தர்றேங்கிறார். (டொங்காட் வாசகர்)

பதில்: தம்பி, உங்க கைவேலையை நான் சந்தேகப்படல. கவுண்டர்ல நின்ன காலத்துல உங்களை மாதிரி ஆளுங்களைத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன், முதலாளி பேர்ல பில்லு போகும், கம்பியை முறுக்கினது இவங்களா இருக்கும். ஆனா இதைப் போடாதீங்க.

2009-ல வந்த எலக்ட்ரிக்கல் இன்ஸ்டலேஷன் சட்ட விதிப்படி கான்ட்ராக்டரா வேலை எடுக்கிறவங்க தொழிலாளர் துறையில பதிஞ்சிருக்கணும், சி.ஓ.சி. குடுக்கிறதுக்கும் அங்க பதிஞ்ச ஆளுக்குத்தான் அதிகாரம். வீடு கை மாறும்போது 2 வருஷத்துக்கு மேல பழசாகாத சி.ஓ.சி. கேக்கிறாங்க, அதனால அந்தப் பேப்பரு வக்கீல்கிட்ட போகும், பேங்குக்குப் போகும், நாளைக்கு அந்த வீட்ல ஒரு பொறி பறந்தா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் எடுத்துப் பாப்பான். தான் பாக்காத வேலைக்குக் கையெழுத்துப் போடுற ஆளு உங்களையும் சேர்த்து இழுத்துட்டுப் போவார், அந்த வீட்ல தூங்குறவங்க உயிரு அதுக்கும் மேல.

அதுக்காக மூலையில உக்காராதீங்க. 18 வருஷ அனுபவம் இருக்கு, டிரேட் டெஸ்ட் எழுதி சிங்கிள் ஃபேஸ் டெஸ்டராவோ இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியனாவோ பதியிற வழியை இந்த வாரமே விசாரிங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் பதிஞ்ச ஒரு கான்ட்ராக்டருக்குக் கீழ, அவரு வந்து பாத்து டெஸ்ட் பண்ற மாதிரி வேலை செய்யுங்க. பேப்பர் வந்த அன்னிக்கு எலக்ட்ரீஷியன்ங்கிற வகையை முதல் வகையாப் போட்டு ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரை விவரத்துல எழுதுங்க, அந்த ஒரு வரியைப் பாத்தே கூப்பிடுறவங்க இருக்காங்க. பிளம்பருங்களுக்கும் இதே கதைதான், பிளம்பருங்களைப் பதியிற பி.ஐ.ஆர்.பி. அமைப்புல பதிஞ்சிருந்தா அதை எழுதுங்க, கேஸ் வேலைன்னா அதுக்குப் பதியிற சாக் கேஸ் அமைப்போட பதிவு. கீஸர் மாத்தின பிறகு இன்ஷூரன்ஸ்காரங்க பிளம்பிங் சி.ஓ.சி. கேக்கிறது இப்ப சாதாரணம், அதனால கஸ்டமரே அதைத் தேடித்தான் வர்றாங்க.

கேள்வி: 5 ஸ்டார் ரிவ்யூ போடுறவங்களுக்கு 50 ரேண்ட் ஏர்டைம் (போன் ரீசார்ஜ்) குடுக்கலாம்னு மருமகன் சொல்றான். ஒரு அம்மா "சொன்ன நேரத்துக்கு வரல, போனும் எடுக்கல"ன்னு 1 ஸ்டார் போட்டு மானத்த வாங்கிட்டாங்க, அதை அமுக்கணும்கிறான். அன்னிக்கு எங்க பக்கம் கரன்ட் இல்ல, டவரும் இல்ல, எனக்கு அவங்க கூப்பிட்டதே தெரியாது.

பதில்: ஏர்டைம் வேணாம் ஐயா. ரிவ்யூவுக்குப் பதிலா எது குடுத்தாலும், காசோ ஏர்டைமோ அடுத்த வேலையில தள்ளுபடியோ, கூகுள் விதிக்கு விரோதம். சொந்தக்காரங்களை விட்டு எழுத வெக்கிறதும் அப்படித்தான். கண்டுபிடிச்சா அந்த ரிவ்யூ எல்லாத்தையும் தூக்கிரும், சில சமயம் கொஞ்ச நாளைக்கு உங்களுக்குப் புது ரிவ்யூவே வர விடாம நிறுத்தியும் வெச்சுரும். அப்புறம், சந்தோஷமா இருக்கிற கஸ்டமரை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேக்கிறதும் கூடாது, எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேளுங்க. லிஸ்டிங்ல ரிவ்யூ கேக்கிறதுக்குன்னே ஒரு லிங்க் கிடைக்கும், வேலை முடிஞ்சு நீங்க பேங்க்ல பணம் போடுற ஈ.எஃப்.டி. விவரத்தை வாட்ஸாப்ல அனுப்புறப்ப அதுக்குக் கீழயே அந்த லிங்கையும் போட்டு "வேலை எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க"ன்னு ஒரு வரி, அவ்ளோதான். பத்துப் பேர்ல ரெண்டு பேர் எழுதினாலும் போதும், அது நெஜம்.

அந்த அம்மா விஷயம். அவங்க பொய் சொல்லல இல்லையா, அதனால அதை எடுக்கச் சொல்லி கூகுள்ட்ட கேட்டாலும் எடுக்காது. நம்ம வீட்டுக்கே வராத ஆளு எழுதினது, வசவு, அடுத்த கடைக்காரன் வேணும்னே போட்டது, இந்த மாதிரி இருந்தாதான் ரிப்போர்ட் பண்ணணும். இதுக்கு பதில் எழுதுங்க. கோவம் அடங்கட்டும், ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சு எழுதுங்க: "மன்னிக்கணும் அம்மா. அன்னிக்கு எங்க ஏரியாவுல கரன்ட்டும் டவரும் இல்லாததால நீங்க கூப்பிட்டது எனக்கு வந்து சேரல, சொன்ன நேரத்துக்கும் வர முடியல. வர லேட்டாகும்னா இனிமே கெளம்புறதுக்கு முன்னாடியே மெசேஜ் போட்டுருவேன். வேலை இன்னும் பாக்கி இருந்தா சொல்லுங்க, நானே வந்து முடிச்சுத் தர்றேன்." இங்கிலீஷ்ல இதே அளவுக்கு, இதே மரியாதையோட. அவங்க தெரு, வீட்டு நம்பர், எவ்ளோ பில்லு, பாக்கி வெச்சாங்களான்னு ஒண்ணும் எழுதாதீங்க, அடுத்தவங்க சொந்த விவரத்தை வெளிய போடக் கூடாதுன்னு இங்க பொப்பி சட்டம் இருக்கு, 2021 ஜூலை 1-லேருந்து அது முழுசா நடைமுறையில இருக்கு. உங்களுக்கு அடுத்து போன் பண்ணப் போற ஆளு அந்த 1 ஸ்டாரையும் படிப்பார், கீழ நீங்க எழுதினதையும் படிப்பார், நான் அப்படித்தான் எங்க வீட்டுக்குப் பெயின்டரைத் தேடினேன், திட்டு வாங்கினாலும் பதமா பதில் சொன்ன ஆளைத்தான் கூப்பிட்டேன்.

கேள்வி: விவரத்தைத் தமிழ்ல எழுதலாமா அக்கா? பேரோட "பெஸ்ட் சீப் பிளம்பர் டர்பன்"னு சேர்த்தா மேல வருமாமே?

பதில்: பேர்ல ஒண்ணும் சேர்க்காதீங்க. பக்கி (பிக்கப்) வண்டிக் கதவுல என்ன எழுதியிருக்கோ, பில்லு புக்குல என்ன இருக்கோ, அந்தப் பேரேதான் லிஸ்டிங்லயும் இருக்கணும், வால் ஒட்டினா லிஸ்டிங்கையே முடக்கி வெச்சுரும். செய்யிற வேலையைச் சொல்றதுக்கு வகைன்னு ஒரு எடம் இருக்கு, முதல் வகை ஒண்ணு, அது போக இன்னும் 9 வரைக்கும் சேர்க்கலாம். விவரத்துக்கு 750 எழுத்து. அதுல தமிழ் எழுத எனக்கும் ஆசைதான், ஆனா தேடுறவங்க இங்கிலீஷ்ல தேடுறாங்க, அதனால இங்கிலீஷ்ல எழுதி "தமிழும் பேசுவோம்"னு ஒரு வரி சேருங்க, வயசான ஆச்சிங்க வீட்ல அது எவ்ளோ பெரிய ஆறுதல்னு எனக்குத் தெரியும். நம்ம மாகாணத்துல ஸூலு பேசுற கஸ்டமர் எவ்ளோ பேரு, அவங்களுக்கும் ஒரு வரி வேணும், மெஷின்ல மொழிபெயர்க்காம உங்ககூட வேலை பாக்கிற ஸூலு அண்ணன்கிட்ட கேட்டு எழுதுங்க.

கேள்வி: வெப்சைட் வேணுமா? ஒருத்தர் 8,000 ரேண்ட் கேக்கிறார்.

பதில்: இப்போதைக்கு வேணாம். லிஸ்டிங்கும் வாட்ஸாப் பிசினஸும் போதும், ரெண்டுலயும் ஒரே நம்பர், ஒரே வேலை நேரம். லிஸ்டிங்கோட கூகுளே ஒரு இலவச வெப்சைட் குடுத்துட்டிருந்துச்சு, அதை 2024 மார்ச்ல நிறுத்திட்டாங்க, பழைய கார்டுல அந்த லிங்க் இருந்தா அடிச்சுருங்க. டிசம்பர் நடுவுல பில்டர்ஸ் லீவு வருது, நீங்களும் மூடுறீங்கன்னா லிஸ்டிங்ல ஸ்பெஷல் ஹவர்ஸ்ல முன்னாடியே போடுங்க, தீபாவளிக்கும் போடுங்க, இங்க அது அரசாங்க லீவு இல்லாததால கஸ்டமருக்குத் தானாத் தெரியாது.

கேள்வி: வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுது கூகுள். ரெண்டு தடவ அனுப்பியும் ரிஜெக்ட். என்னதான் காட்டணும்? (இசிபிங்கோ, பெயின்டர்)

பதில்: எங்க அத்தானுக்கும் இதேதான் ஆச்சு, அவரு கீஸர் வேலை, மூணாவது தடவ நான் கூடவே நின்னு எடுத்தோம், அதைச் சொல்றேன். மூணு விஷயத்தை அவங்க பாக்கணும்: நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க, தொழில் நெஜமா நடக்குதா, அதை நடத்துறது நீங்கதானா. வெட்டு ஒட்டு இல்லாம ஒரே வீடியோவா, 30 செகண்டுக்குக் கொறையாம இருக்கணும், அது வெளிய யாருக்கும் தெரியாது.

காலைல வெளிச்சம் வந்ததும் தெரு முனைக்குப் போனோம். சாட்ஸ்வொர்த்துல பழைய தெரு பலதுக்கும் பேருக்குப் பதிலா நம்பர்தானே, அந்த ரோடு நம்பர் எழுதின பலகைலேருந்து ஆரம்பிச்சு போனைத் திருப்பி தெருவைக் காட்டி நடந்து வந்தோம். கேட்டுக்கு வெளிய பக்கி நின்னுச்சு, கதவுல தொழில் பேரு. பேரு முழுசா தெரியிற வரைக்கும் அங்கயே நின்னோம். அப்புறம் அத்தான் சாவியை எடுத்து பின்னாடி சாமான் வெக்கிற எடத்து மூடியை, கேனபியைத் தொறந்தார், உள்ள ரெஞ்சு, வெட்டி மிச்சமான செம்புப் பைப், பழைய தெர்மோஸ்டாட் ரெண்டு, ஒரு புது வால்வு டப்பா. சாவி போட்டுத் தொறக்கிறது முக்கியம், அதுதான் வண்டி உங்க கையில இருக்குன்னு காட்டுது. கடைசியா பில்லு புக்குல தொழில் பேரு அச்சடிச்ச மேல் பக்கம் மட்டும். ஐடி நம்பர், பேங்க் அக்கவுன்ட், அடுத்தவங்க மூஞ்சி எதுவும் வரக் கூடாது.

உங்களுக்கு வண்டிக்குப் பதிலா ஏணி, ரோலர், பெயின்ட் பக்கெட், தொழில் பேரு போட்ட டி-ஷர்ட்டு, எது இருக்கோ அது. வண்டில பேரே இல்லேன்னா முதல்ல ஒரு மேக்னட் போர்டு அடிச்சு ஒட்டிட்டு அப்புறம் எடுங்க, ரிஜெக்ட் ஆனதுக்கு அதுதான் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது. அனுப்பின பிறகு 5 வேலை நாள் வரைக்கும் ஆகலாம். நடுவுல யாராச்சும் கூப்பிட்டா ரெக்கார்டிங் நின்னுரும், அதனால போனைத் தொந்தரவு பண்ணாத மோடுல போட்டுக்கங்க. அப்புறம் வண்டியைத் தொறக்கும்போது போனைப் பானட் மேல வெக்காதீங்க, பக்கத்துல ஒருத்தரை நிக்க வெச்சு அவங்க கையில குடுங்க. அத்தானோட முதல் வீடியோ அந்த எடத்துலதான் கட்டாச்சு.